நாற்பத்திரண்டாம் நாள்

போபோடி, புனே
14 மார்ச் 1999

ரவிக்கு,

நீங்கள் கிளம்பிப் பதினான்கு நாள் ஆகிறது. காலண்டரை இன்னும் மாற்றவில்லை. கரு தங்கும் நாட்கள் என்று பிப்ரவரி பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை நான் போட்ட சிவப்பு வட்டங்களோடு அப்படியே தொங்குகிறது. உங்கள் கப்பல் தாமதமாகிப் பதினேழாம் தேதி வந்து சேர்ந்தீர்கள். உள்ளே வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தீர்கள். “போச்சா?” என்றீர்கள்.

“போச்சு” என்றேன்.

மிச்சமிருந்த பதினொரு நாளும் பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேர் மாதிரி இருந்தோம். மாத்திரை சொல்லும் தேதியை என் உடம்பு கேட்கும். மினிக்காய்த் தீவுக் கப்பல் கேட்காது. யாரைக் கோபித்துக்கொள்வது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சினைப்பை இரண்டிலும் நீர்க்கட்டிகள். ஆண்களுக்கு இருக்க வேண்டிய ஹார்மோன் எனக்கு அளவுக்கு மேல். இவை தெரிந்தவை. புதிதாக ஒன்று: கொலஸ்ட்ரால் 268. நல்ல கொழுப்பு குறைவு, கெட்டது அதிகம். எனக்கு இருபத்தொன்பது வயது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, ரிட்டயரான ஆளின் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறதே என்று இந்தியில் சிரித்தார். பிறகு அந்தத் தாளை மட்டும் மற்றவற்றுக்கு அடியில் செருகினார். “இதெல்லாம் அப்புறம். பஹ்லே பச்சா.” முதலில் குழந்தையாம்.

எனக்கு அந்தத் தாள் அடியில் இருப்பது பிடிக்கவில்லை. நூலகத்தில் மதியம் கூட்டம் குறையும்போது மருத்துவச் சஞ்சிகைகளை எடுத்துப் பார்க்கிறேன். அடுக்கி வைக்கத்தான் சம்பளம், படிப்பது திருட்டு. என்னைப் போன்ற பெண்களையும், அதே வயது அதே எடையுள்ள மற்றப் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை. எங்கள் பக்கத்தில் எல்லா எண்ணும் கொஞ்சம் கூடுதல். பெயர் கிடையாது, எண்கள்தான். பதினேழாவது ஆள் நானாக இருக்கலாம் என்று தோன்றியது.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். மாதம் வந்து இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

அமலா


மினிக்காய்
26 மார்ச் 1999

அமலா, அமலா,

உன் கடிதம் நேற்றுக் கப்பலில் வந்தது. கடைசி இரண்டு வரியைத்தான் முதலில் படித்தேன். மற்றதை நின்றுகொண்டே படித்தேன். திரும்பக் கடைசி வரி.

பதினொரு வருஷ வேலையில் முதல் தடவையாக வானிலைப் பலூனை இரண்டு நிமிஷம் தாமதமாக விட்டேன். வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அது மேலே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறது, நான் கீழே எழுத மறந்து நிற்கிறேன். எங்களுக்குச் சமைக்கிற அப்துல் காதர் பார்த்துவிட்டு, “சார், வானத்துல என்ன தேடுறீங்க?” என்றார். சொன்னேன். மதியத்துக்குள் தேங்காய்ப் பாலில் ஏதோ இனிப்புக் கிண்டி, கலங்கரை விளக்கம் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். தீவில் இப்போது எனக்குப் பெயரே மாறிவிட்டது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். தெரியும். தபால் ஆபீஸ் பூத்தில் எதிர்வீட்டுப் போனுக்குப் போட்டுச் சும்மா நலம்தான் விசாரித்தேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. “என்னடா சாமி, என்னமோ மறைக்கற” என்று அம்மா கேட்டதும் நிறுத்த முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரித்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு சத்தம். அதை நீ கேட்டிருக்க வேண்டும்.

கொலஸ்ட்ராலைப் பற்றி ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்? அதெல்லாம் பென்ஷன் வாங்குகிறவர்கள் சமாசாரம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே. மாடிப்படி ஏறாதே. பப்பாளி வேண்டாம்.

நாற்பத்திரண்டு. இதைப் படிக்கும்போது அறுபது தாண்டியிருக்கும்!

ரவி


போபோடி
16 ஏப்ரல் 1999

ரவிக்கு,

அத்தை நேற்று முன்தினம் ஊருக்குக் கிளம்பினார். ரயில் நகரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு வரிசை பிடிக்கும்.

மார்ச் 31. காலை ஏழு மணிக்கு வாசலில் ஆட்டோ. முன்பதிவு இல்லாமல் கரூரிலிருந்து தனியாக வந்திருக்கிறார். கையில் நெய்த் தூக்கு. “அம்மிணி, நீ கட்டில விட்டு எறங்கப்படாது.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் கடிதம் வந்துசேர இன்னும் ஐந்து நாள் இருந்தது. என்னைப் பற்றிய செய்தி எனக்கு முன்பே கரூருக்குப் போய், அங்கிருந்து ரயிலேறி, என் வீட்டுக்கு வந்து இறங்கியது.

“இல்லீங் அத்தை, எனக்கு எப்பவுமே தள்ளித்தான் போகும்.”

“எல்லாரும் மொதல்ல அப்படித்தாஞ் சொல்லுவாங்க. கண்ணு பட்டுரும்னு.”

மறுநாளிலிருந்து எட்டு நாள். சோற்றில் நெய், பருப்பில் நெய், பாலில் நெய். 268 என்பதைச் சொல்லிப் பார்த்தேன். “நெய்யி தின்னாத்தானடி கொழந்தை கொழுகொழுன்னு இருக்கும்” என்றார். மேல்வீட்டு லீலாதாய் பார்க்க வந்தார். இவருக்கு மராட்டி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என் வயிற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

ஏப்ரல் 9. காலை. ரத்தம்.

அத்தை சமையலறையில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து வந்து, “பஸ்ஸுல போயிப் போயிக் கலைச்சுப்போட்டியே கண்ணு” என்றார். கலையவில்லை அத்தை, இருந்தால்தானே கலைய, என்றேன். இரண்டு தடவை சொன்னேன். கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் முனைக்கடை பூத்திலிருந்து ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது உங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் வேலைக்குப் போய் ஒரு குழந்தையைத் தொலைத்தவள்.

ஒன்று சொல்கிறேன். இவ்வளவு தூரத்தில் இருப்பதால் சொல்ல முடிகிறது. என் தாடையில் முடி முளைக்கிறது. வாரம் ஒரு தடவை கட்கி கடைவீதியில் உள்ள பார்லரில் நூல் போட்டு எடுக்கிறேன். பிப்ரவரியில் நீங்கள் இங்கே இருந்தபோது இரண்டு தடவை போனேன், லீலாதாய் வீட்டுக்கு என்று பொய் சொல்லி. கல்யாணமாகி நாலு வருடம். நீங்கள் ஒரு தடவையும் கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்கு நிம்மதிதான் இருந்தது. இப்போது நிம்மதியாக இல்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். அந்த டாக்டரிடம் போவதையும். முதலில் இந்த உடம்பைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கான இடமாக இல்லாமல், நான் இருக்கும் இடமாக. இனி சிவப்பு வட்டம் போட மாட்டேன்.

நாள் பார்க்காமல் வாருங்கள். என்னைப் பார்க்க வாருங்கள்.

அமலா


மினிக்காய்
30 ஏப்ரல் 1999

அமலா,

அம்மாவிடம் சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சிகிச்சையை நிறுத்துவது நீ ஒருத்தி மட்டும் முடிவு செய்கிற விஷயமா? எனக்கு முப்பத்தைந்து ஆகிறது. எனக்குப் பதில் ஆள் வந்து இறங்கினால்தான் இந்தத் தீவை விட்டு நகர முடியும். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை. ஒரு கப்பல், இரண்டு ரயில். மிஞ்சினால் பன்னிரண்டு நாள். நாள் பார்க்காமல் எதற்கு வருவது?

தீவில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காதர் தினமும் உன்னை விசாரிக்கிறார். நலம் என்கிறேன்.

மே பாதியோடு கப்பல் குறைந்துவிடும். மழை முடியும்வரை தபால் எப்போதாவதுதான்.

ரவி


மினிக்காய்
18 ஜூன் 1999

அமலா,

இதை எப்போது எடுத்துப்போவார்கள் என்று தெரியாது. நாலு வாரமாகக் கப்பல் இல்லை. கடல் வெள்ளையாக இருக்கிறது. நேற்று ஒரு பலூன் கையை விட்டதும் தென்னை மட்டையில் அடித்து வெடித்தது. மூன்று தடவை முயன்றோம்.

ஏப்ரல் கடைசியில் ‘எதற்கு வருவது’ என்று ஒரு வரி எழுதினேன். கப்பல் கிளம்பிய பிறகு அது எனக்குப் புரிந்தது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தபால் பை அதற்குள் இருந்தது. நீந்திப் போய் எடுக்க முடியாது.

காதரிடம் உண்மையைச் சொன்னேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடித் தோணியில் பத்து வருஷம், பிறகு பெரிய கப்பலில் என்று அலைந்தவர். இந்தத் தீவில் ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான், கப்பலுக்குப் போய்விடுவார்கள். வீடும் நிலமும் பெண்கள் கையில். மீனை அலசிவிட்டுக் கேட்டார்:

“சார், நான் ஒரு தடவ மூணு வருஷங் கழிச்சு வந்தேன். எறங்கினதும் என் வீட்டுக்காரி மொதல்ல என்ன கேட்டா தெரியுமா?”

“என்ன?”

“‘ரெண்டு பல்லு எங்கே’ன்னு கேட்டா. நான் வாயே தொறக்கல சார். சும்மா சிரிச்சேன். அதுக்குள்ள எண்ணிட்டா.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இப்போதும் அந்த இரண்டு பல் இல்லை.

அன்று உன் முதல் கடிதத்தை எடுத்து மேலிருந்து படித்தேன். மார்ச் மாதத்துக் கடிதம். அப்போதும் முழுதாகப் படித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். சுவர்க் காலண்டர் முதல் பத்தியிலேயே இருக்கிறது. அடியில் செருகப்பட்ட தாள் அதற்கு அடுத்து. இரண்டு பக்கத்துக்கு நீ என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாய். நான் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் வேலையே அதுதான், தாளில் எண்ணை எடுத்துக்கொள்வது.

268 என்றால் என்ன என்று இங்குள்ள ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். யாருக்கு என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. ஹார்மோன் தப்பினால் ரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து தப்பும், இப்போது வலிக்காது, பதினைந்து வருஷம் கழித்துத் தெரியும் என்றார்.

பதினைந்து வருஷம் கழித்து நீ இல்லாத ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தேன். அதில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று தோன்றவே இல்லை.

தாடையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் நீ சுருங்கிப்போவாய் என்று கேட்கவில்லை. கேட்காததும் உன்னைத் தனியாக விட்டதுதான் என்று இப்போது தெரிகிறது.

மழை நிற்கவில்லை.

ரவி


போபோடி
9 ஜூலை 1999

ரவிக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. மழை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும்போது லட்சத்தீவு வருமா என்று பார்ப்பேன். வரைபடத்தில் அந்த இடத்தை எப்போதும் அறிவிப்பாளரின் முழங்கை மறைத்துக்கொண்டிருக்கிறது.

நேற்று முன்தினம் பண்டரிபுரத்துக்குப் போகும் பால்கி, பல்லக்கு ஊர்வலம், நம் சாலை வழியாகப் போனது. லீலாதாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போபோடியிலிருந்து சிவாஜிநகர் வரை மழையில், கூட்டத்தோடு நடந்தேன். நடப்பது இப்போது சுலபமாக இருக்கிறது. தினமும் காலையில் ஆற்றுப் பாலம் வரை போய் வருகிறேன். வழியில் சாபுதானா கிச்சடி கொடுத்தார்கள், ஜவ்வரிசியும் கடலையும் நெய்யில் மிதக்க. லீலாதாய் என் தொன்னையைப் பிடுங்கிக்கொண்டார். “துலா நாய் சாலணார்.” உனக்கு ஆகாது. அந்த வியாதியின் பெயரை அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது தெருவில் எல்லோரிடமும், இவளுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று அறிமுகம் செய்கிறார், எனக்கு சர்க்கார் வேலை கிடைத்த மாதிரி.

நூலகத்துக்கு வரும் ஒரு பேராசிரியையிடம் தாளைக் காட்டினேன். பொது மருத்துவம் அவர். தாளை அடியில் வைக்கவில்லை. குறிப்பேட்டில் படம் போட்டு விளக்கினார். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அது சினைப்பையை ஆண் ஹார்மோன் பக்கம் தள்ளுகிறது. அதனால் மாதம் தவறுகிறது, முடி முளைக்கிறது, கொழுப்பு ஏறுகிறது. ஒரே கயிறு, நாலு முடிச்சு. ஒன்றைத் தளர்த்தினால் மற்றதும் கொஞ்சம் தளரலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு, “உங்கள் அம்மாவுக்கு எப்படி?” என்று கேட்டார்.

அம்மா நாற்பத்தேழு வயதில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது விழுந்தவள் எழவில்லை. வாயு என்றார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத்தான் நான் பிறந்தேன். அவள் அலமாரியில் புடவைக்கு அடியில் ஒரு சின்ன இடுக்கி இருந்தது. புருவத்துக்கு என்று நினைத்திருந்தேன். அவள் புருவத்தை எடுத்ததே இல்லை.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது. உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. “எதற்கு வருவது” என்று கேட்டவரிடம்.

அந்த வரிக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் எட்டு வாரம் இருந்தேன். ஆனால் நான் ஒன்றை மறைத்தேன். அதைச் சொல்லாமல் உங்கள் மேல் கோபமாக இருக்க எனக்கு உரிமை இல்லை.

மார்ச் 13-ஆம் தேதியே சோதித்துப் பார்த்துவிட்டேன். ஒரு கோடுதான். ஒன்றுமில்லை. மறுநாள் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு நாள், ஆனால் ஒன்றுமில்லை என்று எழுத வேண்டும். பாதி எழுதினேன். மீதியை எழுதவில்லை.

உங்களைச் சந்தோஷப்படுத்தவா? அப்படிச் சொன்னால் நான் நல்லவளாகிவிடுவேன். அதற்கு முன் நீங்கள் எழுதிய கடிதங்களை இப்போதும் எடுத்துப் பாருங்கள் என்றால் அவை என்னிடம்தான் இருக்கின்றன. ‘நலம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடு.’ ‘நலம். ஸ்கேன் என்ன ஆயிற்று.’ எனக்கு வேறு மாதிரி ஒரு கடிதம் வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்று. வந்தது. என் பெயரை இரண்டு தடவை எழுதியிருந்தீர்கள். அதை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மாலையில் பிரித்தபோது, அதில் கூப்பிட்டது என்னை இல்லை என்று தெரிந்தது.

அத்தை நெய் ஊற்றியபோதும் எனக்குத் தெரியும். தெரிந்தே சாப்பிட்டேன். எட்டு நாள் என்னை ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டது அம்மாவுக்குப் பிறகு அதுதான்.

கொலஸ்ட்ரால் இப்போது 241. ஜூனில் மாத்திரை இல்லாமல் தானாக ஒரு மாதம் வந்தது. தேதி சொல்ல மாட்டேன்.

அமலா


மினிக்காய்
22 செப்டம்பர் 1999

அமலா,

கப்பல் வந்தது. மழைக்காலத்துத் தபால் எல்லாம் ஒரே மூட்டையில். உன்னுடையது ஒன்றுதான். என்னுடைய ஜூன் மாதக் கடிதமும் இதே கப்பலில்தான் வருகிறது. அதை முதலில் படி.

உன் கடிதத்தை மேலிருந்து படித்தேன். வரிசையாக.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்று சாயங்காலம் வந்தது. ஒரு கோடு என்று தெரிந்துகொண்டே எழுதினாயே என்று. பிறகு என் பழைய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். நகல் வைத்துக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று. தீவின் காற்றைப் பற்றி அலுவலகத்துக்கு ஒரு நாளில் நான் அனுப்பும் செய்தி அதைவிட நீளம்.

நீ பாதி வரியை மறைத்தாய். நான் முழு வரியை ஊருக்குச் சொன்னேன். உன்னுடையது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறது. என்னுடையதைக் கரூரில் உன் தலையில் கட்டிவிட்டார்கள். ஐந்து மாதமாக நீ அதைச் சுமக்கிறாய். நான் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா அழுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை.

நவம்பரில் லீவ். எனக்குப் பதில் சென்னையிலிருந்து பாலசுப்ரமணியன் வருகிறார். 14-ஆம் தேதிக் கப்பலில் இறங்குகிறார், அதே கப்பலில் நான் ஏறுகிறேன். அது உனக்கு என்ன நாளோ எனக்குத் தெரியாது. கேட்க மாட்டேன். வாய் தவறிக் கேட்டால் சொல்லாதே.

வரலாமா?

ரவி


போபோடி
11 அக்டோபர் 1999

ரவிக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஜூன் கடிதத்தை முதலில் படித்தேன், நீங்கள் சொன்னபடி. நூலகத்தில், கதவுக்குப் பின்னால், ஏணியில் உட்கார்ந்து.

தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள், தாடையைப் பற்றி. நாலு வருடமாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

226. பேராசிரியை இன்னும் இறங்க வேண்டும் என்கிறார். இது தீர்ந்துபோகிற வியாதி இல்லை, கூடவே வைத்துக்கொண்டு நடக்க வேண்டியது என்கிறார். நடக்கிறேன்.

வாருங்கள்.

அமலா


கரூர்
19 நவம்பர் 1999

அமலா,

இதைப் படிக்கும்போது நீ கோபப்படலாம். எர்ணாகுளத்தில் இறங்கிப் புனே ரயிலில் ஏறவில்லை. ஈரோடு வழியாக இங்கே வந்தேன். பன்னிரண்டு நாளில் நாலு நாள் இங்கே போகிறது. உன்னிடமிருந்து எடுத்த நாலு நாள். அதை எடுக்காமல் உன் எதிரே வந்து உட்கார எனக்கு முகமில்லை. எதிர்வீட்டுப் போனில் சொல்கிற விஷயமும் இல்லை, ஆகவே கூரியர்.

அம்மா சந்தோஷமாகக் கதவைத் திறந்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன்.

“அம்மா, அமலாவுக்குக் கலையல.”

“என்றா சொல்ற?”

“தங்கவே இல்லம்மா. அவளுக்கு மாசம் தவறித் தவறித்தான் வரும். அது ஒரு ஹார்மோன் கோளாறு. கர்ப்பம்னு நான்தான் தப்பா நெனச்சு உங்கிட்ட சொன்னேன்.”

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்கள். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினார்கள்.

“ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டனேடா. அந்தப் புள்ள ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லலயே.”

“சொன்னா. ரெண்டு தடவ. நீ கேக்கல.”

பிறகு நெய்யைப் பற்றியும் சொன்னேன். கொலஸ்ட்ரால், நெஞ்சு, அவள் அம்மா இறந்த வயது. அதற்குத்தான் கோபம் வந்தது. “நெய்யி தின்னாக் கொழுப்பு வருமா? அறுவது வருசமா நாந் திங்கறேன், எனக்கு என்ன வந்துச்சு?” என்றார்கள். கொஞ்சம் கழித்துக் குரல் இறங்கியது. “அப்பப் பேரன் பேத்தி?”

“தெரியாதும்மா. வரலாம். வராமலும் போகலாம்.”

“நீ என்ன சொல்ற?”

“அவ இருக்கணும்னு சொல்றேன்.”

அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள். ராத்திரி சாப்பிடவும் இல்லை. நான் சொன்னது சரிதானா, வயதானவரை இப்படி அடித்திருக்க வேண்டுமா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை எழுந்து பார்த்தால் வீட்டில் இல்லை. பதினொரு மணிக்கு வந்தார்கள், வெயிலில் முகம் சிவந்து. பெரியப்பா வீடு, பட்டு அத்தை வீடு, இன்னும் மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, என் மருமக ஒண்ணும் கலைக்கல, நாந்தான் தெரியாமச் சொல்லிப்போட்டேன் என்று சொல்லிவிட்டு, காபி கொடுத்தும் குடிக்காமல் வந்திருக்கிறார்கள். பட்டு அத்தை பின்னாலேயே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா சொல்லவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு:

“கொள்ளுத் திங்கலாமா அந்தப் புள்ள?”

திங்கலாம் என்றேன். மூன்று கிலோ பொட்டலம் கட்டியாகிவிட்டது.

22-ஆம் தேதி சாயங்காலம் கிளம்பி ஈரோட்டில் ரயில் பிடிக்கிறேன். 24 காலை புனே. மிச்சம் நமக்கு ஐந்து நாள்.

ஐந்தும் உன்னுடையவை.

ரவி


போபோடி
22 நவம்பர் 1999

ரவிக்கு,

கூரியர் இன்று மதியம் நூலகத்துக்கு வந்தது. இப்போது மணி நாலு. நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கடிதத்தைக் கரூர் விலாசத்துக்கு எழுதுகிறேன். இது அங்கே போய்ச் சேர நாலு நாள் ஆகும். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்தால் இது எனக்கு வராது.

எனக்குக் குழந்தை வேண்டும்.

வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, ஆனால் வேண்டும் என்றும் சொன்னதில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்ததால் நான் கேட்க இடமே இருக்கவில்லை. டாக்டர் கேட்டார், அத்தை கேட்டார், நீங்கள் கேட்டீர்கள். நான் மறுக்கிறவளாக மட்டும் நிற்க வேண்டியிருந்தது. இந்த ஐந்து மாதமும் பாலம் வரை நடக்கும்போது என்ன நினைத்துக்கொண்டு நடந்தேன் என்று யாருக்கும் தெரியாது. நெஞ்சுக்காக, கொழுப்புக்காக, ஆயுளுக்காக. ஆமாம். அதோடு, தானாக வந்த அந்த மாதம் திரும்பவும் வருமா என்று. வந்தது, இரண்டு தடவை. பேராசிரியை நம்பிக்கை வைத்துக்கொள்ளலாம், பந்தயம் கட்ட வேண்டாம் என்றார். நான் பந்தயமே கட்டிவிட்டேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அத்தை சமையலறையில் அழுதபோது நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒன்றுமில்லை என்று எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். தெரிந்தும் அழுதேன். கலையவில்லை, இருந்தால்தானே என்று வெளியே வந்து அவரிடம் கறாராகச் சொன்னேனே, அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு. இருவரும் சேர்ந்து அழுதிருக்கலாம். சுவர் ஒன்றுதான்.

வராமலும் போகலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அதைச் சொல்லிவிட்டதால்தான் எனக்கு இதை எழுத முடிகிறது. வராவிட்டாலும் நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்த பிறகுதான் வேண்டும் என்று சொல்லத் துணிவு வந்தது. ஆசைப்படுவதற்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

நாளை மறுநாள் காலை உங்களைப் பார்ப்பேன். இதில் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும். ரயில் எத்தனை மணி நேரம் லேட் என்று கேட்பேன். நீங்கள் கொள்ளு மூட்டையைப் பற்றிச் சொல்வீர்கள். பிறகு ஆட்டோவுக்குப் பேரம்.

கவரில் உங்கள் பெயர்தான் எழுதியிருக்கிறேன். பிரிக்கப்போவது அத்தைதான். பிரிக்கட்டும்.

அத்தை, ஐந்து வீட்டு வாசலில் நின்றீர்களாம். இதை நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு பொழுது ஆகும், அவசரமில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், அவர் இங்கே வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருக்கும்.

அமலா